குத்தகைக்கு எந்த ட்ரெய்லர்? வடசென்னை நடைக்குப் பராமரிப்புக் கணக்குப் போடும் முறை

ட்ரெய்லர் வண்டியைக் குத்தகைக்கு எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மாடலுக்கு மாத வாடகை குறைவு என்பதைத்தான். திருவொற்றியூரில் இருந்துகொண்டு கன்டெய்னர் வண்டிகளை நடத்திவரும் எனக்கு, அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றே தோன்றுகிறது. வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அது மாதாமாதம் மாறாது. மாறுவது பராமரிப்புச் செலவு. ஒரே மாடல், ஒரே மாதத்தில் வாங்கிய இரண்டு வண்டிகள் என்றாலும், எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலியிலும் ஓடுகிற வண்டிக்கும் ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய் வருகிற வண்டிக்கும் அந்தச் செலவு ஒன்றாக இருப்பதில்லை. விற்பனையாளர் காட்டும் "கிலோமீட்டருக்கு இத்தனை பைசா" என்ற கணக்கு நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடும் வண்டியை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. நம் வண்டியோ நாளில் பெரும்பகுதி துறைமுக வாசலை நோக்கிய வரிசையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பத்தடி நகர்வதும் நிற்பதுமாக இருக்கிறது. ஆகவே இங்கே மாடலைத் தேர்ந்தெடுப்பவர், கிலோமீட்டரை ஒதுக்கிவிட்டு, நடையையும் (ஒரு லோடுக்குப் போய்த் திரும்புவது ஒரு நடை) இன்ஜின் ஓடிய மணியையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

ஒரு மாதத்து நோட்டு

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன், உங்கள் வேலை என்ன என்பதை ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு நடைக்கும் கிளம்பிய நேரம், வாசலுக்குள் நுழைந்த நேரம், திரும்பிய நேரம், ஓடிய கிலோமீட்டர், ஏற்றிய எடை, இன்ஜின் மணி மீட்டரில் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த எண் ஆகியவை போதும். சொந்த வண்டி இல்லாதவர்கள், வேலை கொடுக்கப்போகும் கிளியரிங் ஏஜென்ட்டிடம் (துறைமுகத்தில் சரக்கை விடுவித்துத் தருபவர்) கேட்டு, அதே பாதையில் ஓடும் ஒரு வண்டியில் இரண்டு மூன்று நாள் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தால்கூட உண்மை தெரிந்துவிடும்.

அப்படி எழுதிப் பார்த்தால் கிடைக்கும் எண் பலரைத் திடுக்கிட வைக்கும். மாதவரத்திலிருந்து சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசல் வரை 15 கிலோமீட்டருக்குள்தான். காலிப் பெட்டியை இறக்கி, லோடு ஏற்றி, மணலியில் உள்ள சரக்குப் பெட்டி நிலையத்துக்குப் போய்த் திரும்பினாலும் நாள் முழுவதும் 100 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஆனால் இன்ஜின் 10 மணி நேரம் ஓடியிருக்கும். அதாவது மணிக்குச் சராசரி 10 கிலோமீட்டர். ஆயில் மாற்றுவதற்கு 40,000 கிலோமீட்டர் என்று ஒரு மாடலின் கையேட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரியில் ஓடும் நெடுஞ்சாலை வண்டிக்கு அது 1,000 மணி நேரம். நம் வண்டி அதே 40,000 கிலோமீட்டரைத் தொட 4,000 மணி நேரம் இன்ஜினை ஓட்டியிருக்கும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றுபவர், நான்கு மடங்கு களைத்த ஆயிலில் இன்ஜினை ஓட்டுகிறார். ஆகவே எந்த மாடலானாலும், சர்வீஸ் இடைவெளி மணி நேரக் கணக்கிலும் தரப்பட்டிருக்கிறதா, கடுமையான வேலைக்கு என்று தனி இடைவெளி சொல்லியிருக்கிறார்களா என்பதைக் கையேட்டைப் புரட்டி நீங்களே பாருங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வதை இதில் ஏற்காதீர்கள்.

தேவைக்கு மேல் அச்சு வேண்டாம்

மாடல் பெயரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. பொதுவாக முதல் இரண்டு இலக்கம் வண்டியும் ட்ரெய்லரும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையை ஏறத்தாழ டன்னிலும், அடுத்த இரண்டு இலக்கம் இன்ஜினின் குதிரைத் திறனைப் பத்தால் வகுத்தும் சொல்கின்றன. டாடா சிக்னா 4018 என்றால் 40 டன்னை ஒட்டிய எடை, 180 குதிரைத் திறனை ஒட்டிய இன்ஜின். பாரத்பென்ஸ் 4028, அசோக் லேலண்ட் 5525, டாடா பிரைமா 5530 ஆகியவற்றையும் இப்படியே படிக்கலாம். இது கைக்கணக்குதான், முடிவாக நம்ப வேண்டியது ஆர்.சி. புத்தகத்தில் பதிவான எடையை.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்திய பிறகு, முன் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 11.5 டன், இரட்டை அச்சுக்கு 21 டன், நெருக்கமாக அமைந்த மூன்று அச்சுக்கு 27 டன் என்று ஆனது. இதைக் கூட்டினால், பின்னால் ஒரே இழுக்கும் அச்சுள்ள முன்வண்டியும் (ட்ரெய்லரை இழுக்கும் இன்ஜின் வண்டி) இரண்டு அச்சு ட்ரெய்லரும் சேர்ந்தால் 39.5 டன்; அதே முன்வண்டியுடன் மூன்று அச்சு ட்ரெய்லர் என்றால் 45.5 டன், பின்னால் இரண்டு இழுக்கும் அச்சுள்ள முன்வண்டியும் மூன்று அச்சு ட்ரெய்லரும் என்றால் 55 டன்.

கன்டெய்னர் ஒன்றின் மொத்த எடை பெரும்பாலும் 30.48 டன்னுக்கு மேல் போவதில்லை; 32.5 டன் வரை அனுமதித்த பெட்டிகளும் உண்டு. ஒற்றை இழுக்கும் அச்சு முன்வண்டியும் 40 அடி எலும்புக்கூட்டு ட்ரெய்லரும் (தளம் இல்லாமல் சட்டம் மட்டும் உள்ளது) சேர்ந்து வெற்று எடை 13, 14 டன் அளவில் வரும். 45.5 டன்னில் 14 டன்னைக் கழித்தால் 31.5 டன் மிஞ்சுகிறது. 30.48 டன் கன்டெய்னர் சட்டத்துக்கு உட்பட்டே ஏறிவிடும். ஆகவே ஒரு நேரத்தில் இத்தகைய ஒரு பெட்டி மட்டும் ஏற்றுபவருக்கு 55 டன் வண்டி தேவையே இல்லை. கிரானைட் பாளம், எஃகுச் சுருள், கனமான இரண்டு 20 அடிப் பெட்டிகளைச் சேர்த்து ஏற்றும் வேலை ஆகியவற்றுக்குத்தான் அது வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய வண்டியை எடுத்தவர்கள், இரண்டாவது டிஃபரன்ஷியலுக்கும் (அச்சின் இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி), இரண்டு அச்சையும் இணைக்கும் ஷாஃப்டுக்கும், கூடுதல் நான்கு டயருக்கும் மாதாமாதம் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

டயர்க் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். முன்வண்டிக்கு 6, மூன்று அச்சு ட்ரெய்லருக்கு 12 என்று 45.5 டன் வண்டிக்கு 18 டயர். 55 டன் வண்டிக்கு 22. ஒரு டயரைப் புதிதாக வாங்கி, ஒருமுறை ரீட்ரெட் செய்து (தேய்ந்த மேற்பரப்புக்குப் புது ரப்பர் ஒட்டி), மொத்தம் 32,000 ரூபாய் செலவில் 1,00,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரு டயருக்குக் கிலோமீட்டருக்கு 32 பைசா. 18 டயருக்கு 5.76 ரூபாய், 22 டயருக்கு 7.04 ரூபாய். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் வித்தியாசம் 3,840 ரூபாய். துறைமுகப் பாதையில் குறுகிய வளைவுகளில் வண்டியைத் திருப்பும்போது ட்ரெய்லரின் டயர்கள் தரையில் உராய்ந்து இழுபடுவதால், உண்மையில் இது இன்னும் கூடும். டயர் அளவையும் கேட்டுவையுங்கள்: 10.00 ஆர் 20, 295/90 ஆர் 20 ஆகிய அளவுகள் எந்தக் கடையிலும் கிடைப்பவை. முன்வண்டிக்கு ஓர் அளவு, ட்ரெய்லருக்கு வேறோர் அளவு என்று அமைந்தால் ஸ்டெப்னியை இரண்டாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

புகை வடிகட்டி: இங்கே அதிகம் காசு தின்னும் இடம்

2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் வண்டிகள் எல்லாம் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்ட) வகை. அவற்றின் சைலன்ஸர் பகுதியில், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டியும், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் அமைப்பும் இருக்கின்றன. வடிகட்டியில் சேரும் கரி அவ்வப்போது எரிந்து சாம்பலாக வேண்டும். நெடுஞ்சாலையில் லோடுடன் ஓடும் வண்டியில் புகையின் சூட்டிலேயே அது பெரும்பாலும் எரிந்துவிடும். வரிசையில் நிற்கும் வண்டியின் புகைக்கு அந்தச் சூடு கிடையாது. அப்போது வண்டி தானாகவே கொஞ்சம் டீசலைச் செலுத்தி, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றிக் கரியை எரிக்கப் பார்க்கும். அந்த வேலை முடிவதற்குள் ஓட்டுநர் இன்ஜினை அணைத்தால் கரி பாதியில் நிற்கும். சில மாடல்களில் டீசலின் ஒரு பங்கு இன்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். இப்படிப் பலமுறை நடந்தால் வடிகட்டி அடைத்து, வண்டி இழுவையை இழந்துவிடும்.

எனக்கே இது நடந்தது. குத்தகைக்கு எடுத்த ஒரு வண்டி, எண்ணூர் விரைவுச் சாலையில் மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணா, மஞ்ச விளக்கு நாலு நாளா எரியுது. டேங்க் ஏரியாவுல சூடு ஏத்தக் கூடாதுன்னு ஸ்விட்சை ஆஃப் பண்ணேன், அப்புறம் போடவே மறந்துட்டேன்" என்றார். அவர் செய்ததில் பாதி சரியானது. தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குப் பக்கம், மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கம், டெர்மினலுக்குள் ஆகிய இடங்களில் இந்தச் சூடேற்றும் வேலை நடக்கக் கூடாது. அதற்காகத்தான் தடுக்கும் ஸ்விட்ச் கொடுத்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் அதை மறுபடி போட வேண்டும் என்பதை அவருக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை; எனக்கும் அன்றுவரை அது முழுமையாகத் தெரியாது. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றது. குத்தகை நிறுவனம் அதை "இயக்குபவரின் கவனக்குறைவு" என்று எழுதி, செலவு முழுவதையும் என் தலையில் போட்டது. ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

ஆகவே மாடல்களை ஒப்பிடும்போது இவற்றைக் கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளுங்கள்: வண்டியை நிறுத்திவைத்துக் கரியை எரிக்கும் வசதி ஓட்டுநரின் கையிலேயே இருக்கிறதா, அல்லது சர்வீஸ் நிலையத்து லேப்டாப் வந்தால்தான் முடியுமா? வடிகட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை டேஷ்போர்டு அளவாகக் காட்டுகிறதா, அடைத்த பிறகு விளக்கு மட்டும் எரிகிறதா? சாம்பலைச் சுத்தம் செய்வது எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அதை மாதவரம், செங்குன்றம் பக்கத்திலேயே செய்கிறார்களா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் உள்ள மாடல், வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், இந்தப் பகுதிக்கு ஏற்ற மாடல் என்பது என் உறுதியான கருத்து.

யூரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. 32.5 சதவீத யூரியாவும் தாது நீக்கிய நீரும் கலந்த கரைசல் அது. மலிவாகக் கிடைக்கிறதென்று சாலையோர கேன்களை வாங்கி ஊற்றினால், தெளிக்கும் குழாய் முனையில் வெள்ளையாகப் படிகம் கட்டும். புகை சூடாகாமல் நீண்ட நேரம் நிற்கும் வண்டியில், நல்ல யூரியாவிலேயே இந்தப் படிகம் வரக்கூடும். பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது அந்த முனையைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் வெண்மை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம். மே மாத வெயிலில், எண்ணூர்ச் சாலையில் ஆறு மணி நேரம் தகரக் கூண்டில் வெந்தவர்களுக்கு இது என்றோ கிடைத்திருக்க வேண்டிய வசதி. அதை அணைத்துவை என்று சொல்லும் முதலாளியாக யாரும் இருக்கக் கூடாது. ஆனால் ஏ.சி. ஓட இன்ஜின் ஓட வேண்டும். நிற்கும் நேரத்தில் மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் டீசல் போகும், மணி மீட்டரும் ஏறும். புதிய வண்டிக்கு உங்கள் நோட்டில் உள்ள இன்ஜின் மணியைவிடக் கூடுதலாக வைத்துச் சர்வீஸ் கணக்குப் போடுங்கள்.

கிளட்ச், உப்புக் காற்று, தூசி

நெடுஞ்சாலையில் பல ஆண்டு உழைக்கும் கிளட்ச் பிளேட் இங்கே மாதக் கணக்கில் தேய்ந்துபோகிறது. முப்பது டன் லோடுடன் பத்தடி பத்தடியாக நகர்வதில், ஓட்டுநரின் கால் கிளட்சைவிட்டு எடுபடுவதே இல்லை. 380, 395, 430 மில்லிமீட்டர் என்ற அளவுகளில் பிளேட் வருகிறது. ஒரே எடை வரம்பில் இரண்டு மாடல் இருந்தால், பெரிய பிளேட் உள்ளதையும், முதல் கியர் மிக மெதுவாக ஊர்ந்து செல்ல இடம் கொடுப்பதையும் தேர்ந்தெடுங்கள். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும், கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. வண்டிகளில் ஓட்டுநரின் கால் தப்பிக்கிறது. கிளட்ச் தப்பிப்பது ஓட்டும் முறையைப் பொறுத்தது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே மேட்டில் வண்டியை நிறுத்திவைத்தால் அதிலும் பிளேட் எரியும். அது பழுதானால் தெருமுனை மெக்கானிக் கைவைக்க முடியாது என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

கடல் ஒரு பக்கம், சாலை ஒரு பக்கம் என்று இருக்கும் காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான தடத்தில், உப்புக் காற்று வண்டியை உள்ளிருந்து அரிக்கிறது. முன்வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் மின்சாரப் பிளக்கின் பின்களில் பச்சைக் களிம்பு ஏறி, பின்விளக்கு எரியாமல் போவது இங்கே வாடிக்கை. பிரேக் ஷூவின் இரும்புக்கும் லைனிங்குக்கும் நடுவே துரு கிளம்பி லைனிங்கைத் தூக்கிவிடும்; பிரேக் ஷூவை விரிக்கும் கேமின் புஷ் இறுகிக்கொள்ளும். பிரேக்குக்கான காற்று டாங்கியில் ஈரம் சேர்வதால், அந்த ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜைக் கையேடு சொல்வதற்கு முன்பே மாற்ற நேரிடும். எனவே ஒயரிங் முடிச்சுகள் மூடிய வகையா, கிரீஸ் நிப்பிள்கள் எட்டும் இடத்தில் இருக்கின்றனவா, சேஸிஸின் அடிப்பகுதியில் பெயின்ட் முழுமையாக இருக்கிறதா என்பனவற்றை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது அவசியம். ஷோரூமில் அப்படிப் படுத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகம் 2001-இல் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காகத் தொடங்கப்பட்டது. அத்திப்பட்டு, வல்லூர், மீஞ்சூர் பக்கம் ஓடும் வண்டிகளின் ஏர் ஃபில்டரைத் தட்டினால் கரித்தூளும் சாம்பலும் கொட்டும். காற்று உறிஞ்சும் வாய் உயரத்தில் அமைந்த மாடலுக்கும் தாழ்வாக அமைந்த மாடலுக்கும் ஃபில்டர் செலவில் தெளிவான வித்தியாசம் உண்டு. மழைக்காலத்திலும் இந்த உயரம் உதவும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, சடையங்குப்பம் பக்கமெல்லாம் நீர் தேங்கியதை நாம் மறக்கவில்லை. அச்சு வரை நீரில் நின்ற வண்டியின் ஹப்பிலும் டிஃபரன்ஷியலிலும் நீர் புகும். ஆயில் பால் கலந்த காபிபோல் மாறியிருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு குத்தகைக்கு வரும் பழைய வண்டியில் டிரெயின் பிளக்கைச் சற்றுத் தளர்த்தி, நான்கு சொட்டு ஆயிலை விரலில் வாங்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

பாகம் எங்கே கிடைக்கும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலை பல பத்தாண்டுகளாக இங்கேயே இருக்கிறது. அந்த வண்டிகளில் கைபழகிய மெக்கானிக்குகள் மாதவரம், மணலி, திருவொற்றியூர் எங்கும் இருக்கிறார்கள். டாடாவுக்கும் அப்படியே. பாரத்பென்ஸ் ஒரகடத்தில் 2012 முதல் தயாராகிறது. அதுவும் தொலைவில் இல்லை. ஆனால் பி.எஸ். 6 வண்டியில் சென்சாரும் கண்ட்ரோல் யூனிட்டும் பழுதானால் எந்த நிறுவனமானாலும் அங்கீகரித்த சர்வீஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே நிறுவனத்தின் பெயரைவிட, உங்கள் வண்டி நிற்கும் இடத்திலிருந்து அந்த நிலையம் எத்தனை கிலோமீட்டர், இரவில் வருவார்களா என்பவையே முக்கியம். கிளட்ச் செட், பிரேக் லைனிங், ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ், யூரியா பம்ப், நைட்ரஜன் ஆக்ஸைடு சென்சார் ஆகிய ஐந்தின் விலையையும் கையிருப்பையும், மாடலுக்கு மாடல், கவுன்டரில் நேரில் போய்க் கேட்டு எழுதி வாருங்கள். ஒரு முற்பகலில் முடிகிற வேலை இது.

நடைக்கு என்ன அடங்குகிறது

இப்போது வாடகைக்கு வருவோம். கீழே உள்ள தொகைகள் கணக்கின் வழியைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் தொகைகளை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். டயர்ச் செலவு இரண்டு வண்டிக்கும் ஒன்றே என்பதால் விட்டுவிடுகிறேன்.

முதல் வண்டிக்கு மாத வாடகை 72,000 ரூபாய், பராமரிப்பு நம்முடையது. சர்வீஸுக்கும் ஆயிலுக்கும் மாதத்துக்கு 6,000, பத்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் 30,000 ரூபாய் கிளட்சுக்கு மாதம் 3,000, பிரேக்குக்கு 2,500, வடிகட்டி சுத்தம் செய்ய 2,000 என்று ஒதுக்கினால் மொத்தம் 85,500. மாதத்தில் 26 வேலை நாள், நாளுக்கு இரண்டு நடை. இந்த வண்டி மாதம் மூன்று நாள் பட்டறையில் நிற்கும் என்றால் 46 நடை கிடைக்கும். ஒரு நடைக்கு 1,859 ரூபாய் அடங்குகிறது.

இரண்டாவது வண்டிக்கு வாடகை 86,000. சர்வீஸும் வடிகட்டி வேலையும் அவர்கள் பொறுப்பு. கிளட்ச், பிரேக் நம்முடையது என்றால் மொத்தம் 91,500. மாதம் ஒரு நாள்தான் நிற்கும் என்றால் 50 நடை. ஒரு நடைக்கு 1,830 ரூபாய். மாத வாடகையில் 14,000 ரூபாய் கூடுதலாகத் தெரிந்த வண்டி, நடைக் கணக்கில் மலிவாக வருகிறது. மேலும் நான்கு நடையின் வரும்படியும் கூடுகிறது. ஆனால் அதே வண்டி ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் நின்றுவிட்டால் 48 நடைதான். நடைக்கு 1,906 ரூபாய் ஆகி, முதல் வண்டியைவிட விலை கூடிவிடும். ஒரே ஒரு நாள் கணக்கைப் புரட்டிப்போடுகிறது. வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பதை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். குறித்த நாளுக்கு மேல் நின்றால் மாற்று வண்டி தர வேண்டும், அல்லது அந்த நாட்களுக்கு வாடகை கழிக்க வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் படிக்க வேண்டிய இடங்கள்

தேய்மானப் பாகங்கள் என்ற பட்டியலில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். கிளட்ச், பிரேக் லைனிங், டயர், பேட்டரி, வைப்பர் ஆகியவை அதில் இருப்பது வழக்கம்; டி.பி.எஃப்., யூரியா அமைப்பு, டர்போ ஆகியவை அந்தப் பட்டியலுக்குள் நுழைந்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். "கவனக்குறைவு" என்ற சொல் எங்கே வந்தாலும், எதை அப்படிக் கொள்வார்கள் என்பதை வரையறுக்கக் கேளுங்கள். கிலோமீட்டர் வரம்பு உள்ள ஒப்பந்தம் நமக்கு ஆபத்தில்லாததுபோல் தோன்றும், ஏனெனில் நாம் அதைத் தொடவே மாட்டோம். இன்ஜின் மணி வரம்பு ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று ஒவ்வோர் ஆண்டும் எடுக்க வேண்டும், அதற்கு முன் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, எஃப்.சி.க்கு முன் செய்யும் பெயின்ட், வெல்டிங், பிரேக் வேலைகள் யார் செலவு என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பழைய வாடகை அட்டவணையை வைத்துப் பேசுபவரிடம் அதை நினைவூட்டுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 2(30) பிரிவு, குத்தகை ஒப்பந்தத்தின்கீழ் வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரையே உரிமையாளர் என்று கொள்கிறது. காப்பீடு தவறினாலும், அதிக எடை ஏற்றினாலும், பிரேக் பிடிக்காமல் விபத்து நேர்ந்தாலும், கேள்வி நம்மிடம் வரும். பராமரிப்பு அவர்கள் பொறுப்பு என்று எழுதியிருப்பதால் பிரேக்கைப் பார்க்காமல் விட்டுவிடலாம் என்று எண்ணக் கூடாது.

பழைய வண்டியை ஏற்கும் நாளில்

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். நீங்கள் வருவதற்கு முன் சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது. ஃப்ளீட் எட்ஜ், ஐ-அலர்ட் போன்ற நிறுவனச் செயலிகளில் வண்டியின் பழைய ஓட்டம் பதிவாகியிருக்கும். மொத்த இன்ஜின் மணி, நின்றபடி ஓடிய மணி, வந்துபோன பழுதுக் குறியீடுகள் ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். மொத்தக் கிலோமீட்டரை மொத்த மணியால் வகுங்கள். 12-க்குக் கீழே வந்தால் அது ஏற்கெனவே துறைமுக வரிசையில் உழைத்த வண்டி. ஓடோமீட்டர் குறைவாகக் காட்டுவதால் புதிதுபோல் விலை பேசுவார்கள், ஏமாறாதீர்கள்.

பிறகு முன்வண்டியின் மேல், ட்ரெய்லரைத் தாங்கிப் பூட்டும் ஐந்தாம் சக்கரத் தட்டில் விரலை வைத்து கிரீஸை எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். மணல்போல் நறநறவென்று இருந்தால், பழைய கிரீஸைத் துடைக்காமலே அதன்மேல் புதிதை அப்பியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் தட்டும், அதில் பூட்டிக்கொள்ளும் ட்ரெய்லரின் இரும்பு முளையான கிங் பின்னும் தேய்ந்திருக்கும். ட்ரெய்லரின் கிங் பின் இரண்டு அங்குல வகை என்றால் புதிதில் 50.8 மில்லிமீட்டர், வெர்னியர் வைத்து அளந்து 49-க்கு வந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ட்ரெய்லரைத் தனியே வாடகைக்கு எடுப்பவர்கள் இதை அளப்பதே இல்லை. வண்டியின் உயிரும் சாலையில் போகிறவர்களின் உயிரும் அந்த ஒரு பின்னில்தான் இருக்கிறது.

எல்லாம் சரியென்றால், நான்கு பக்கமும், எல்லா டயர்களின் பட்டன் (மேல் வரிப்பள்ளங்கள்) ஆழமும், மணி மீட்டரும் தெரியும்படி தேதியுடன் படமெடுத்து, அவற்றை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் கீறலுக்கும் தேய்மானத்துக்கும் பிடித்தம் செய்ய வருபவரிடம் காட்ட அந்தப் படங்கள் வேண்டும். அவற்றை ஓட்டுநரின் போனில் மட்டும் வைக்காமல், ஒரு பிரதியை வண்டியின் ஆர்.சி. நகலுடன் சேர்த்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.